செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல

அதிகாலை மூன்றரை மணி. முந்தின நாள் சாயங்காலமே 28 மூட்டை சௌசௌ ஏற்றி, தார்ப்பாய் இழுத்துக் கட்டி வைத்திருந்தோம். மலையிலிருந்து இறங்கி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். சாவியைத் திருகினேன். செல்ஃப் நன்றாகவே அடித்தது. எஞ்சின் சுற்றுகிற சத்தம் கேட்டது, ஆனால் பிடிக்கவில்லை. பத்து எண்ணிவிட்டு விட்டேன். மறுபடி திருகினேன். அதே சத்தம்.

அப்பா டார்ச்சோடு வந்து பானெட்டைத் திறந்தார். இருட்டில் பானெட்டைத் திறந்து பார்ப்பதால் ஒன்றும் ஆகாது என்று இரண்டு பேருக்குமே தெரியும். இருந்தாலும் சும்மா நிற்க முடியவில்லை. ஆறாவது முறையோ ஏழாவது முறையோ, எஞ்சின் ஒரு இருமல் இருமி, உடம்பெல்லாம் குலுங்கி, ஒருவழியாகப் பிடித்தது. அதன் பிறகு நாள் முழுக்க எந்தத் தொந்தரவும் இல்லை. மார்க்கெட்டில் மூன்று தடவை அணைத்து மூன்று தடவையும் ஒரே திருகில் ஸ்டார்ட் ஆனது.

இது போன வருடம் கார்த்திகையில் ஆரம்பித்தது. தை வரைக்கும் எங்களைப் படுத்தி எடுத்தது. அந்த மூன்று மாதத்தில் நான் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. பிக்கப் வண்டியை நம்பிப் பிழைக்கிற யாருக்காவது ஒரு நாள் உதவும்.

முதலில் ஒரு விஷயம். "வண்டி ஸ்டார்ட் ஆகல" என்று நாம் சொல்வதில் முற்றிலும் வேறான இரண்டு வியாதிகள் இருக்கின்றன. சாவியைத் திருகினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, அல்லது அதுவும் இல்லை. அது பேட்டரி, செல்ஃப் மோட்டார், எர்த் ஒயர் பக்கத்து விவகாரம். செல்ஃப் அடித்து எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்பது வேறு. அங்கே எஞ்சினுக்கு வரவேண்டிய ஏதோ ஒன்று வரவில்லை. எங்கள் மெக்கானிக் அண்ணன் போனை எடுத்ததும் கேட்கிற முதல் கேள்வியே "செல்ஃப் அடிக்குதா தம்பி?" என்பதுதான். தேட வேண்டிய இடங்களில் பாதியை அந்த ஒரு பதில் கழித்துவிடும்.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்று நான்கு பேர் வருவார்கள். செல்ஃப் அடிக்காத வண்டிக்குத்தான் தள்ளுவது வைத்தியம். தள்ளும்போது நாம் செய்வதும் எஞ்சினைச் சுற்றிவிடுவதுதானே? அதைத்தான் செல்ஃப் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது.

சரி, எஞ்சினுக்கு என்ன வேண்டும்? எங்கள் வண்டி டீசல். பெட்ரோல் வண்டியைப் போல இதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் ஓட்டிக்காட்டிய எஞ்சினிலிருந்து இன்றைய பிக்கப் வரைக்கும் அடிப்படை ஒன்றுதான். காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினாறில் ஒரு பங்கு, பதினேழில் ஒரு பங்காக நசுக்கினால் அது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கும். டீசல் தானாகப் பற்றிக்கொள்ள 210 டிகிரி அளவே போதும். அந்தக் கொதிக்கிற காற்றுக்குள் சரியான நொடியில் டீசலைப் பனி மாதிரி பீய்ச்சினால் பற்றிக்கொள்ளும். ஆக, போதுமான வேகத்தில் சுற்ற வேண்டும், காற்று நன்றாக நசுங்க வேண்டும், டீசல் வர வேண்டும், அதுவும் சரியான நேரத்தில் வர வேண்டும். சுற்றியும் பிடிக்காத எஞ்சினில் இதில் ஏதோ ஒன்று குறைகிறது.

அப்பாவுக்கு இது எல்லாம் புதிதில்லை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே ஓடையில் ஆயில் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்தவர். ஏர் பிடித்தால், அதாவது டீசல் குழாய்க்குள் காற்று புகுந்தால், நாசிலுக்குப் போகிற பைப்பின் நட்டைத் தளர்த்தி, ஹேண்டிலைச் சுற்றி, நுரை நின்று டீசல் சுத்தமாக வரும்போது இறுக்குவார். இரண்டே நிமிடம். அன்றைக்கும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தார். நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும்.

இப்போது வருகிற டீசல் பிக்கப்புகள் எல்லாம் காமன் ரெயில். பம்ப் டீசலை ஒரு தடித்த இரும்புக் குழாய்க்குள் அழுத்தி வைக்கும். அந்தக் குழாய்தான் ரெயில். அதிலிருந்து டீசலைப் பீய்ச்சுகிற ஒவ்வொரு இன்ஜெக்டரும் கம்ப்யூட்டர் சொல்கிற நேரத்தில் திறந்து மூடும். கார்களில் இது 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 வழியாக முதன்முதலில் வந்தது. ரெயிலுக்குள் இருக்கிற அழுத்தம் ஓட்டத்தில் 1,000 பாரைத் தாண்டிப் போகும். லாரி டயரில் நாம் அடிக்கிற காற்றே 8 பார் அளவுதான். ஓடுகிற எஞ்சினிலோ சுற்றுகிற எஞ்சினிலோ அந்த நட்டைத் தளர்த்தினால், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய டீசல் கோடு ஒன்று தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், வலி பெரிதாக இருக்காது. ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலை எடுக்க வேண்டிய நிலைமைகூட வரலாம். பழைய பழக்கத்தில் கை தானாக ஸ்பேனருக்குப் போகும். அந்தக் கையைக் கட்டிப்போட வேண்டும்.

இன்னொன்று, காற்று போகிற வழியில் பெட்ரோல் நனைத்த துணியைப் பிடிப்பது, ஈதர் ஸ்பிரே அடிப்பது. ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட் ஆவதற்காக எஞ்சினுக்குள் சூடேற்றுகிற பிளக்) சூடாக இருக்கிற எஞ்சினில் அந்த ஆவி நேரம் தப்பி வெடிக்கும். பிஸ்டனையே உடைத்த கதைகள் உண்டு. கை வைக்காதீர்கள்.

இந்தக் காமன் ரெயிலில் பழைய எஞ்சினுக்கு இல்லாத ஒரு குணம் இருக்கிறது. பழைய பம்பில் அரைகுறையாக டீசல் வந்தாலும் எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டாவது பிடிக்கப் பார்க்கும். இதில் அப்படி இல்லை. செல்ஃப் அடிக்கும்போது ரெயிலில் ஓரளவு அழுத்தம் சேர்ந்தால்தான் ஈ.சி.எம். என்கிற அந்த எஞ்சின் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே சொல்லும். வண்டிக்கு வண்டி மாறினாலும், ஏறத்தாழ 200 பார் என்று வைத்துக்கொள்ளலாம். 150-லேயே நின்றுவிட்டால் ஒரு சொட்டுகூட உள்ளே போகாது. எஞ்சின் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் சைலன்சரைப் பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் அண்ணன் சொல்வார். ஒருவர் சாவியைத் திருக, இன்னொருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் பற்றவில்லை என்று அர்த்தம். ஹீட்டர் பிளக் வேலை செய்யாமல் இருக்கலாம், கம்ப்ரஷன் (காற்று நசுங்குவது) குறைந்திருக்கலாம், டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம். புகையே வராவிட்டால் டீசல் உள்ளேயே போகவில்லை. காசு செலவில்லாத இந்தச் சோதனையை நான் இரண்டாவது மாதம்தான் செய்தேன். எங்கள் வண்டியில் புகை துளிகூட இல்லை.

அதற்கு முன்னால் நான் செய்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நடந்தபோது குளிர் என்று நினைத்தேன். கார்த்திகை, மார்கழியில் எங்கள் மலையில் விடியற்காலை வெளியே நின்றால் பல்லெல்லாம் அடிக்கும். இரண்டாவது தடவை நடந்தபோது பேட்டரி என்று முடிவுகட்டிப் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டேன். பழைய பேட்டரியை அளந்துகூடப் பார்க்கவில்லை. அளப்பது ஒன்றும் கஷ்டமில்லை. சும்மா இருக்கும்போது மீட்டரில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.5-க்குக் கீழே விழக் கூடாது. அதற்குக் கீழே போனால் செல்ஃப் இழுத்துப் பிடித்துச் சுற்றும், ஆனால் ஈ.சி.எம். மயங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் "செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல" என்றுதான் தெரியும். பேட்டரியை சந்தேகப்பட்டது தப்பில்லை, அளக்காமல் மாற்றியதுதான் தப்பு. கழற்றிப் போட்ட பேட்டரியைப் பிறகு செல்ஃப் அடித்துச் சோதித்தால் 10.4 காட்டியது. அது இப்போது வீட்டில் இன்வெர்ட்டருக்கு உழைக்கிறது.

மூன்றாவது தடவைக்கு டீசல் ஃபில்டர் மாற்றினேன். மாற்றத்தான் வேண்டியிருந்தது, கழற்றிய ஃபில்டர் தார் மாதிரி இருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீரும் இருந்தது. பத்து நாள் ஒழுங்காக ஓடியது. ஆஹா, முடிந்தது என்று நினைத்தேன். பதினோராவது நாள் அதே கதை.

அப்புறம் சமவெளியில் ஒரு பம்ப் கடைக்கு எடுத்துப் போனேன். டீசல் பம்பும் இன்ஜெக்டரும் பார்க்கிற கடைகளை இன்னமும் எங்கள் பக்கம் மைக்கோ கடை என்றுதான் சொல்வார்கள். மைக்கோ என்று 1951-ல் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் 2008-லேயே பாஷ் என்று மாறிவிட்டது. பேச்சில் மட்டும் மாறவில்லை. கடையில் வண்டியை இரண்டு ராத்திரி வைத்திருந்தார்கள். இரண்டு காலையும் ஒரே திருகில் ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. ஆனாலும், "ஹை பிரஷர் பம்ப் வீக்கா இருக்கும், நாலு இன்ஜெக்டரையும் கழட்டி சர்வீஸ் பண்ணிடலாம்" என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை எங்கள் இரண்டு மாதச் சௌசௌ வருமானம். அப்பா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "ஸ்டார்ட் ஆகுற வண்டிய வச்சிக்கிட்டு எப்படிடா பம்ப் போச்சுன்னு சொல்றான்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது என்று எனக்கு அன்றைக்கே பட்டிருக்க வேண்டும்.

அதற்குள் வீட்டில் வேறு ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. லோடு ஏற்றிய அன்றைக்குத்தான் வண்டி மக்கர் பண்ணுகிறது, காலி வண்டி ஸ்டார்ட் ஆகிவிடுகிறது என்று. வண்டிக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் சுற்றினார்கள். லோடுக்கும் ஸ்டார்ட் ஆவதற்கும் சம்பந்தமில்லை. எஞ்சின் அப்போது நியூட்ரலில் சுற்றுகிறது, மூட்டையின் பாரம் அதற்குத் தெரியவே தெரியாது. ஆனால் என் நோட்டில் தேதிகளை எழுதிப் பார்த்தால் பேச்சு உண்மைதான். ஏழு தடவையும் லோடு நாள். அதே சமயம், விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பிய லோடு நாட்களில் ஒரு தொந்தரவும் இல்லை. முந்தின சாயங்காலம் ஏற்றி வைத்த நாட்கள் மட்டும்.

இந்த நோட்டை எடுத்துக்கொண்டு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் ஸ்கேனரை மாட்டினார். பழைய எரர் எதுவும் இல்லை. செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார், நொடியில் 300 பாரைத் தாண்டியது. "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்றார். இன்ஜெக்டர் ஒவ்வொன்றிலிருந்தும் மிச்ச டீசல் திரும்பிப் போகிற ரிட்டன் குழாயையும் கழற்றி, நான்கு சின்ன பாட்டில்களில் விட்டு, எஞ்சினை ஓட்டினார். எந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள் கசிகிறதோ அதன் பாட்டில் மட்டும் சீக்கிரம் நிரம்பும். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு. இன்ஜெக்டர்கள் சுத்தம். எந்த இன்ஜெக்டரையும் கழற்றாமல் பத்து நிமிடத்தில் முடிந்த சோதனை இது. லட்சத்துக்குப் பக்கத்தில் செலவு சொல்கிற எந்தக் கடையிலும் முதலில் இதைச் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

பிறகு நோட்டை வாங்கிப் படித்தார். படித்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, ராத்திரி வண்டிய எங்க நிறுத்துவீங்க? எப்படி நிறுத்துவீங்க?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மா எடுத்தார். "லோடு ஏத்துறதுன்னா கீழ கொட்டாய்கிட்ட. மூக்கு மேட்டப் பாத்து நிக்கும். இல்லைன்னா மேல களத்துல நிக்கும்" என்றார். எங்கள் கொட்டகை ரோட்டோரம் பள்ளத்தில் இருக்கிறது. மூட்டை ஏற்ற வசதியாக வண்டியின் பின்புறத்தைக் கொட்டகை வாசலில் வைப்போம். அப்போது முன்புறம் மேட்டைப் பார்த்து நிற்கும். 28 மூட்டையும் பின்னால் அழுத்த, மூக்கு இன்னும் தூக்கும். களம் என்றால் சமதரை. பம்ப் கடையும் சமதரை. மார்க்கெட்டும் சமதரை.

அண்ணன் சிரித்தார். "பம்ப்செட்டுல புட்வால்வு போனா என்ன ஆகும்?"

உறிஞ்சுகிற குழாயின் அடியில், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கிற வால்வுதான் புட்வால்வு. விவசாயம் பார்க்கிற யாருக்கும் இதற்குப் பதில் தெரியும். மோட்டார் ஓடுகிறவரை தண்ணீர் வரும். நிறுத்திவிட்டால் குழாயில் நிற்கிற தண்ணீர் கீழே இறங்கிவிடும். மறுநாள் காலையில் மோட்டார் சும்மா சுற்றும், தண்ணீர் ஏறாது. மேலே தண்ணீர் ஊற்றி நிரப்பினால்தான் பிடிக்கும். உறிஞ்சுகிற குழாயில் எங்காவது சின்ன ஓட்டை இருந்தாலும் இதே கதைதான். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் எங்கே ஓட்டை என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எங்கள் வண்டியில் டீசல் டேங்க் சேஸில் நடுப்பகுதிக்குக் கீழே இருக்கிறது. டேங்குக்குள் மோட்டார் கிடையாது. முன்னால் எஞ்சினோடு இருக்கிற பம்ப்தான் டேங்கிலிருந்து ஃபில்டர் வழியாக டீசலை உறிஞ்சி எடுக்கிறது. மேட்டைப் பார்த்து நிறுத்தினால் எஞ்சின் மேலே, டேங்க் கீழே. குழாயில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தால் போதும். ராத்திரி முழுக்கக் காற்று மெதுவாக உள்ளே ஏற ஏற, டீசல் மெதுவாக டேங்குக்குத் திரும்பிவிடும். காலையில் பம்புக்குக் கிடைப்பது காற்று. காற்றை அழுத்தி 200 பார் கொண்டுவர முடியாது. ஆறு ஏழு தடவை சுற்றச் சுற்ற, பம்ப் கொஞ்சம் கொஞ்சமாக டீசலை மறுபடி மேலே இழுத்துக்கொண்டு வந்துவிடும். அப்போது அந்த இருமல். அப்புறம் நாள் முழுக்கச் சுகம்.

கேட்டதும் எல்லாம் பொருந்தியது. ஆனால் அண்ணன் அங்கே நிறுத்தவில்லை. பொருந்துவது வேறு, நிரூபிப்பது வேறு என்பது அவர் வழக்கம். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் இருந்த குழாயில் ஒரு சாண் அளவுக்குக் கண்ணாடி மாதிரி தெரிகிற டீசல் ஓஸைப் போட்டு அனுப்பினார். "மேட்டுல நிறுத்துங்க. காலையில செல்ஃப் அடிக்கிறதுக்கு முன்னாடி பாருங்க, அடிக்கும்போதும் பாருங்க."

அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. நான்கு மணிக்கு எழுந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓஸ் காலி. சுவரில் டீசல் ஈரம் மட்டும். அப்பாவை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். பெரிய பெரிய குமிழ்களாக வந்தது, நடுவில் துண்டு துண்டாக டீசல். அப்பாவையும் இறங்கி வந்து பார்க்கச் சொன்னேன். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "புட்வால்வேதான்" என்றார்.

அடுத்த நாள் ராத்திரி இன்னொரு சோதனை. டேங்கிலிருந்து வருகிற குழாயை ஃபில்டரில் கழற்றிவிட்டு, இரண்டு லிட்டர் கேன் ஒன்றில் டீசல் ஊற்றி, ஃபில்டரைவிட உயரத்தில் கட்டி, அதிலிருந்து நேராக ஃபில்டருக்குக் கொடுத்தோம். ரிட்டனும் கேனுக்கே. அதே மேடு, அதே குளிர். காலையில் ஒரே திருகு. ஆக, பம்ப் சரி, இன்ஜெக்டர் சரி, ஃபில்டர் சரி. ஓட்டை டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில். இப்படி ஒரு பக்கத்தைத் துண்டித்துப் பார்ப்பதைவிட நிச்சயமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

அங்கேதான் இருந்தது. டேங்கிலிருந்து வருகிற இரும்புக் குழாய் முடிந்து ரப்பர் ஓஸ் ஆரம்பிக்கிற இடம். ஓஸ் வளைகிற வளைவில் ஒரு பிராக்கெட்டில் உரசி உரசித் தேய்ந்திருந்தது. வெளியே ஒழுகவில்லை, ஆனால் அந்த இடத்தில் மட்டும் புழுதி கொஞ்சம் ஈரமாக ஒட்டியிருந்தது. கழற்றி நேராகப் பிடித்தால் விரிசல் தெரியவில்லை. வளைத்தால் வாய் திறந்தது. புது ஓஸ், இரண்டு கிளிப், உரசாமல் இருக்க மேலே ஒரு துண்டு ரப்பர் சுற்று. எல்லாம் சேர்த்து 340 ரூபாய். அண்ணன் கூலியாகக் கேட்டது 500. நான் கூடக் கொடுத்தேன், வாங்க மறுத்தார்.

இதை எங்கள் மச்சானிடம் சொல்லிக்கொண்டிருந்த வாரத்திலேயே அவருடைய பிக்கப்பும் நின்றது. அதே மாதிரி செல்ஃப் அடிக்கிறது, பிடிக்கவில்லை. "உன் வியாதிதான் மாப்ள, ஓஸ் மாத்திடவா?" என்று கேட்டார். நான் ஒரு விஷயம் மட்டும் பார்க்கச் சொன்னேன். செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் கொஞ்சமாவது அசைகிறதா? செல்ஃப் எஞ்சினை நிமிடத்துக்கு 200 சுற்று அளவில் சுற்றும். முள் லேசாகத் தூக்கிக் காட்ட வேண்டும். அவர் வண்டியில் செத்த மாதிரி கிடந்தது.

எஞ்சின் எங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது என்பதை ஈ.சி.எம். தெரிந்துகொள்வது கிராங்க் சென்சார் மூலமாகத்தான். பல வண்டிகளில் ஒரு சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் விட்டு, அதில் இரண்டை மட்டும் வெட்டி எடுத்திருப்பார்கள். மீதி 58 பல்லும் சென்சாரைக் கடக்கும்போது துடிப்பு வரும். இரண்டு பல் இல்லாத இடைவெளி வரும்போது, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று ஈ.சி.எம்.முக்குப் புரிந்துவிடும். அந்தத் தகவல் வராவிட்டால் அதற்கு எஞ்சின் நிற்கிற மாதிரிதான். நிற்கிற எஞ்சினுக்கு எதற்கு டீசல் கொடுக்க வேண்டும்? நிறைய வண்டிகளில் முள்ளும் அதே தகவலை வைத்துத்தான் அசைகிறது. இந்த சென்சார் சூட்டில் மட்டும் மயங்குவதும் உண்டு. ஓடி நிறுத்திய வண்டி உடனே ஸ்டார்ட் ஆகாது, அரை மணி நேரம் ஆறினால் ஸ்டார்ட் ஆகும். குளிர்ந்தால் படுத்தினால் ஒரு பக்கம், சூட்டில் படுத்தினால் இன்னொரு பக்கம் தேட வேண்டும்.

மச்சான் வண்டியில் சென்சார் நன்றாகத்தான் இருந்தது. எலி. கடலை மூட்டை ஏற்றுகிற வண்டி, பானெட்டுக்குள் கூடே கட்டியிருந்தது. சென்சாருக்குப் போகிற இரண்டு ஒயரில் ஒன்றைக் கடித்துவிட்டிருந்தது. ஓஸை மாற்றியிருந்தால் ஒரு வாரம் வீணாகியிருக்கும்.

இன்னும் சில எளிய விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். சாவி போட்டதும் மீட்டரில் சாவி படம் போட்ட விளக்கு அணையாமல் மினுக்கினால் வண்டித் திருட்டைத் தடுக்க வைத்திருக்கிற இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. இன்னொரு சாவியைப் போட்டுப் பாருங்கள். செக் எஞ்சின் விளக்கு சாவி போட்டதும் எரிந்து காட்ட வேண்டும். எரியவே இல்லையென்றால் ஈ.சி.எம்.முக்குக் கரண்டே போகவில்லை என்று சந்தேகப்பட்டு ஃபியூஸையும் ரிலேயையும் முதலில் பாருங்கள். டீசல் முள்ளை மட்டும் நம்பாதீர்கள். மேட்டில் நிற்கும்போது அது பொய் சொல்லும். தொடர்ந்து பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். செல்ஃப் மோட்டார் இழுக்கிற நூற்றுக்கணக்கான ஆம்பியர் கரண்ட் அதன் சுருளையே வேகவைத்துவிடும். அரை நிமிடமாவது ஆறவிட்டு அடிக்க வேண்டும். நான் அந்த மூன்று மாதத்தில் பேட்டரியையும் செல்ஃப்பையும் படுத்திய பாட்டுக்கு அவை தாங்கியதே பெரிது.

நோட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். எந்தத் தேதி, எத்தனை மணி, சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா, மழையா, டேங்கில் எவ்வளவு டீசல், எங்கே எந்தப் பக்கம் பார்த்து நின்றது, எத்தனை திருகில் பிடித்தது. என் நோட்டில் எந்தப் பக்கம் பார்த்து நின்றது என்பது மட்டும் இல்லை. அது இருந்திருந்தால் மார்கழியிலேயே முடிந்திருக்கும்.

கண்ணாடி ஓஸை அண்ணன் கழற்றிவிடச் சொன்னார், வெயில் பட்டால் இறுகி உடைந்துவிடும் என்று. கழற்றிவிட்டுக் கம்பெனி ஓஸையே போட்டாயிற்று. தை கடைசியிலிருந்து இதை எழுதுகிற இன்றைக்கு வரைக்கும் கொட்டகை மேட்டில் மூக்கைத் தூக்கி நிறுத்தி, 31 லோடு போயிருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரே திருகு.

புது ஓஸ் போட்ட மறுநாள் அப்பா ஒட்டன்சத்திரத்திலிருந்து திரும்பும்போது வண்டியை ஹார்டுவேர் கடையில் நிறுத்தச் சொன்னார். ஓடை எஞ்சினுக்கு இரண்டு வருடமாகத் தினமும் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றித்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். உள்ளே போய் இரண்டரை அங்குல புட்வால்வு ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.